நான் தூங்கவைத்த போன்கள்

1. ஈரக் கட்டைவிரல்

கவுண்டரில் நின்ற முதல் நாள் நான் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரித் தயாராக இருந்தேன். ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல், புராசஸர் எது என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று ஒப்பித்தும் பார்த்திருந்தேன். இதே அக்கறையைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால், காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் விற்க வந்திருக்கவே மாட்டேன்.

முதலில் உள்ளே வந்தவர் கிளிஞ்சல்மேட்டுக்காரர், விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேசையிலிருந்த என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, கட்டைவிரலை அதில் நனைத்து, ஆறு டிஸ்பிளே போன்களிலும் வரிசையாகத் தேய்த்தார்.

"அண்ணே, என்னா பண்றீங்க?"

"கையி காஞ்சிருந்தா எல்லா போனுந்தான் வேலை செய்யும். நம்ம கை எப்ப காயுது?"

நான்காவது போன் அவர் ஈரவிரலுக்கு மசிந்தது. அதையே வாங்கிக்கொண்டு போனார். நான் ஒப்பித்ததில் ஒரு சொல் கூட அவருக்குத் தேவைப்படவில்லை. நினைவில்லாமல் மூடியிலிருந்த அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்தேன். சாயங்காலம் வரை வாயில் கடல் இருந்தது.

2. பேட்டரி சேகர்

இப்போது கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஆண்ட்ராய்டா, ஐபோனா, எது நல்லதுங்க?" பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். பாதிப் பேருக்குப் பதில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். குலதெய்வம் மாதிரிதான் இதுவும். ஆண்ட்ராய்டு வீட்டில் பிறந்தவர் ஆண்ட்ராய்டு. கட்டிக்கொடுத்த இடத்தில் ஐபோன் என்றால் மூன்றாம் மாதம் மாறிவிடுவார். பாரிஸில் சொந்தம் இருக்கும் வீடுகளில், சாக்லேட்டும் சென்ட்டும் வருகிற பெட்டியிலேயே ஐபோனும் வந்துவிடும். மிச்சமிருக்கும் ஒரே ஒரு மச்சான் மட்டும் நம் கடைக்கு வந்து, "அவங்கல்லாம் அதுலதான் பேசுறாங்க, நான் மட்டும் தனியா நிக்கிறேன்" என்பார்.

கோட்டுச்சேரிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தர் டிஸ்பிளே போனைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் நடுரோட்டுக்கே போய்விட்டார். திருட்டு அலாரம் அலற, முதலாளி பாய் பின்னாலேயே ஓடினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கத்தாதீங்க பாய். வெயில்ல படம் தெரியுதான்னு பாக்குறேன். நான் என்ன உங்க கடைக்குள்ளயா மீன் விக்கிறேன்?"

இத்தனையும் பார்த்த எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லோருக்கும் வேண்டியது பேட்டரிதான் என்று நானாக முடிவு செய்தேன். எந்தப் போனை விற்றாலும், கவரில் போடுவதற்கு முன் செட்டிங்ஸுக்குள் போவேன். பேட்டரி சேவரை ஆன் செய்வேன். திரைக்குப் பின்னால் ஓடும் ஆப்களை ஒவ்வொன்றாகத் தூங்கவைப்பேன். தாலாட்டு ஒன்றுதான் பாடவில்லை. "ரெண்டு நாள் நிக்கும், போங்க" என்று கொடுத்தனுப்புவேன். நின்றது. பெயரும் வந்தது, பேட்டரி சேகர். அந்தப் பெயரை நினைத்தபடியே பல மதியங்கள் சுகமாகக் கண் சொருகியிருக்கிறேன்.

3. கடித்த பழம்

அப்படி ஒரு மதியம். கடைத்தெரு அடங்கிக் கிடந்தது. சுவரில் முப்பது போன்கள், முப்பதிலும் வால்பேப்பராக ஒரே நீல ஏரி. அந்த மாதம் இன்னும் ஒரே ஒரு ஐபோன் விற்றால் கம்பெனிச் செலவில் எனக்குத் தாய்லாந்து டூர். கடலுக்கு ஒரு மைல் தள்ளிப் பிறந்து வளர்ந்தவன், வேறொரு நாட்டுக் கடற்கரையில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்திருப்பதாகக் கனாக் கண்டுகொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தக் கடிச்ச பழம் போட்ட போன் ஒண்ணு குடுங்க."

கண்ணைத் திறந்தால் கலியபெருமாள் அண்ணன். திருவேட்டக்குடிப் பக்கம் நெல் விவசாயம். நாலு மாதத்துக்கு முன் என்னிடம்தான் தன் முதல் ஸ்மார்ட்போனை வாங்கினார். ஆண்ட்ராய்டு. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, சட்டைப் பையில் வைத்திருப்பார். யார் கையிலும் கொடுக்க மாட்டார். அடித்தால் பச்சையை இழுத்துப் பேசத் தெரியும். வேறு எதையும் தொட மாட்டார்.

தாய்லாந்து நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். "உக்காருங்கண்ணே! ஐபோனா? யாருக்கு?"

"எனக்குத்தான். வினோதினி அதுதான் வச்சிருக்கா. அவளுதும் என்னுதும் வேற வேற சாதி போன். ஒட்ட மாட்டேங்குது. ஒரே சாதியா வாங்கிட்டா யாரு பொய் சொல்றான்னு தெரிஞ்சிடும்ல?"

வினோதினி அவர் மகள். குவைத்தில் நர்ஸ். அவள் வெளிநாடு போவதில் இவருக்கு இஷ்டமில்லை. கிளம்பும் அன்று கோபத்தில், "போனா போ, போன் கீன் பண்ணாத" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே என் கடைக்கு வந்து ஸ்மார்ட்போன் வாங்கினார். ஏன் வாங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. வாட்ஸ்அப் போட்டுக் கொடுக்கச் சொன்னார், போட்டேன். பிறகு என் வழக்கப்படி எல்லாவற்றையும் தூங்கவைத்தேன்.

"அவ தெனமும் கூப்பிடுறாளாம். நான் எடுக்கலயாம். சின்னம்மா போன்ல அவங்க அம்மாகிட்ட அழுவுறா. அவங்க அம்மா, நீங்கதான் கட் பண்றீங்கன்னு எங்கிட்ட பேசுறதையே விட்டுட்டா. சோத்தப் போட்டுட்டு சுவத்தப் பாக்குறா. சத்தியமா தம்பி, ஒரு தடவ கூட அடிக்கல. ஒரக் கடைக்காரன் கூப்பிடுறான், அறுப்பு மிஷின்காரன் கூப்பிடுறான், எல்லாம் அடிக்கிது. அவ மட்டும் அடிக்கல."

"லீவுல வருவாங்கல்ல, நேர்ல பேசிக்கலாமே அண்ணே?"

"அடுத்த வாரம் வர்றா." சட்டைப் பையைத் தடவினார். "கோட்டுச்சேரியில சின்னம்மா வீட்ல தங்கிக்கிறாளாம். போனே எடுக்காத வீட்டுக்கு எதுக்கு வரணும்னு கேட்டாளாம்."

பில் புத்தகத்தைத் திறந்துவிட்டிருந்த என் கை அப்படியே நின்றது. ஊர்க்காரர் போன் வருகிறது, குவைத்திலிருந்து வாட்ஸ்அப் கால் மட்டும் வரவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு இது புதிரே அல்ல.

"அண்ணே, அந்தப் போனக் கொஞ்சம் குடுங்க."

அவர் யோசித்தார். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். தூக்கத்திலிருந்து எழுந்த ஆப் ஒரு கணம் திணறியது. பிறகு கொட்டத் தொடங்கியது. சிவப்பு அம்பு, சிவப்பு அம்பு, சிவப்பு அம்பு. பக்கத்தில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண்ணின் சின்னப் படம். தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் மத்தியானம் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில், அவளுக்கு வேலையில் ஓய்வு கிடைக்கும் நேரத்தில். கடைசி அம்பு பன்னிரண்டு நாளைக்கு முந்தியது. அதன்பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

"தெனமுமா?" என்றார்.

"தெனமும்."

அவர் திரையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக எண்ணுவது போல நகர்த்தினார்.

இந்த இடத்தில் நான் கம்பெனி மேல் பழி போட்டிருக்கலாம், டவர் மேல் போட்டிருக்கலாம், ஐபோனை விற்றுவிட்டுத் தாய்லாந்துக்கும் போயிருக்கலாம். மூன்றையும் வரிசையாக யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் விரல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, உங்க பொண்ணும் பொய் சொல்லல, நீங்களும் சொல்லல. தப்பு என்னுது. விக்கிறப்ப நான்தான் இத அமுத்தி வச்சேன். பேட்டரி ரெண்டு நாள் நிக்கணும்னு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கூட இல்லை. "நான் பேட்டரியா கேட்டேன்?"

அதே நேரம் பார்த்து உள்ளேயிருந்து பாய் குரல் கொடுத்தார். "சேகரு, ஐபோன் பில்லா? போடவா?"

"இல்ல பாய்."

4. மூன்று நாற்பத்தேழு

செட்டிங்ஸுக்குள் போய் என் கைங்கரியத்தை எல்லாம் அழித்தேன். "இப்ப நீங்களே கூப்பிடுங்கண்ணே."

"நான் கூப்பிட மாட்டேன்."

"அண்ணே!"

"போன் பண்ணாதன்னு சொன்ன வாயி தம்பி இது. நான் எப்புடிக் கூப்பிடுறது? நீங்க பேசுங்க. நீங்கதான அமுத்துனீங்க."

வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தினேன். 

"வணக்கம்மா. காரைக்கால்ல உங்க அப்பாவுக்கு போன் வித்த ஆளு பேசுறேன், சேகரு. உங்க அப்பா உங்க போனக் கட் பண்ணலம்மா. அவருக்கு ஒண்ணுகூட அடிக்கல. அடிக்காமப் பண்ணினது நான். பேட்டரிக்காகப் பண்ணினேன். அவரு பேட்டரி கேக்கல. திட்டணும்னா இந்த நம்பருக்கே கூப்பிடுங்க. இப்ப அடிக்கும்."

டிக் இரண்டு விழுந்தது. நீலமாகவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கவுண்டருக்குள். நடுவில் கண்ணாடி மேல் அந்தப் போன். மேலே ஃபேன் சுற்றியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் சுவரின் முப்பது ஏரிகளும் ஒரே ஏரியாகி லேசாக அலையடித்தன. நாங்கள் இருவரும் அதன் கரையில் யாரோ வரவேண்டிய தோணிக்கு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தாய்லாந்தைத் தேடினேன், வரவில்லை. நான் தூங்கவைத்த மற்றப் போன்கள்தான் வந்தன. சட்டைப் பைகளில், ஃபிரிட்ஜ் மேல், தலையணைக்கு அடியில், படகின் கேபின் ஆணியில், கடற்கரை நெடுக அவை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்தில், பாரிஸிலோ சிங்கப்பூரிலோ, ஒருவர் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி மட்டும் தொண்ணூறில் நின்றது.

மூன்று நாற்பத்தைந்துக்கு டிக் நீலமானது. மூன்று நாற்பத்தேழுக்குப் போன் அடித்தது.

கண்ணாடி அதிர, கடை முழுக்கக் கேட்டது. அண்ணன் எடுக்கவில்லை.

"அண்ணே, எடுங்க!"

"இருங்க தம்பி. கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

எனக்கு உயிர் போனது. பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். கட்டாகிவிடும் என்று நான் கையை நீட்டிய நேரத்தில் அண்ணன் பச்சையை இழுத்தார். வீடியோ கால். திரையில் அவள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி எவ்வளவு நேரமோ தெரியாது, எனக்கு ஒரு போகம் விளைந்து அறுத்த மாதிரி இருந்தது.

"அப்பா, சட்ட பட்டனப் போடுங்க" என்றாள்.

அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, நிதானமாகப் பட்டன் போட்டார். திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சின்னம்மா வீட்ல ஃபேன் ஓடாது. நம்ம வீட்டுக்கு வா."

"சரிப்பா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தக் கடைக்காரரு பக்கத்துல இருக்காரா? குடுங்க அவருகிட்ட."

ஓய்வு முடியும்வரை திட்டினாள். ஊசி போடப் பழகிய கை என்பது வார்த்தையிலேயே தெரிந்தது. நான் "சரிம்மா, சரிம்மா" என்று குத்துக்குக் குத்துத் தலையாட்டினேன். பாய் ரசித்துக் கேட்டார்.

5. பில் போடுமுன்

தாய்லாந்து போகவில்லை. அதற்குப் பதிலாக நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டரில் திருவேட்டக்குடிக்கும் கோட்டுச்சேரிமேட்டுக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் போய், தூங்கவைத்த போன்களை ஒவ்வொன்றாக எழுப்பினேன். யாரும் நன்றி சொல்லவில்லை. "ரெண்டு நாள் நின்னுக்கிட்டிருந்துச்சு, இப்ப சாயங்காலமே செத்துப்போவுது. நல்லா இருந்ததக் கெடுத்துட்டீங்களே" என்று திட்டியவர்கள்தான் அதிகம். பேட்டரி சேகர் என்ற பெயரும் போய்விட்டது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். போனை யாரும் போனுக்காக வாங்குவதில்லை. அந்தப் பக்கம் இருக்கும் ஒருவருக்காக வாங்குகிறார்கள். ஆண்ட்ராய்டா ஐபோனா என்பதைப் பாதி நேரம் அந்த ஒருவர்தான் முடிவு செய்கிறார். ஆனால் கடைக்கு வந்து நம் முன்னால் நிற்பவர் அதைச் சொல்ல மாட்டார். மெகாபிக்சல் எத்தனை என்று கேட்பார். நாமும் எத்தனை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

அதனால் இப்போது முதல் கேள்வியை நான் கேட்கிறேன், "யாரு கூப்பிடுவாங்க?" அப்படிக் கூப்பிடுகிறவர் அந்தப் புதுப் போனுக்கு ஒரு முறை கூப்பிட்டு, அது அடித்த பிறகுதான் பில். சில நாள் மணிக்கணக்காகும். பாரிஸில் தூங்கி எழ வேண்டும், சிங்கப்பூரில் ஷிப்ட் முடிய வேண்டும். ஆரம்பத்தில் "இது கடையா, ஆஸ்பத்திரி வராண்டாவா?" என்று கத்திய பாய், பிறகு அவரே நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார். மதியத்தில் வந்து பாருங்கள். புதுப் போனை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாலு பேர் அது அடிப்பதற்காக உட்கார்ந்திருப்பார்கள்.

போன வாரம் ஓர் அக்கா வந்தார், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை.

"யாரு கூப்பிடுவாங்க அக்கா?"

"எனக்கு யாரு கூப்பிடப்போறா? பாட்டு கேக்கத்தான்."

விதி என்றால் விதி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நானே கூப்பிட்டேன். அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், "இங்க ஒரே சத்தம்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய், மூடிக்கிடந்த கடையின் படியில் உட்கார்ந்து எடுத்தார்.

"அலோ, யாரு?"

"கடையிலேர்ந்து சேகருக்கா."

"சொல்லுங்க. என்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா?" என்றார். பிறகு சிரித்தார். காலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவர் மடியிலேயே தூங்கிப்போனதில் ஆரம்பித்தார். பாய் மூன்று தடவை வந்து பில் புத்தகத்தைக் காட்டினார். நான் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தபடியே, இருங்க என்று கை காட்டினேன். அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.