நாலு பேருக்கு மகள்

லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த அவருக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் லிப்ட் மாமா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மொட்டை மாடி மோட்டார் அறைகளில் கிரீஸும் கையுமாகக் காலத்தை ஓட்டிவிட்டு, முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் வேலையை விட்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றினார். அடுத்து அவர் பார்வை வாஷிங் மெஷின் பக்கம் போவதைக் கவனித்த மகள், வம்சாவளி எழுதும் மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்து அவரை உட்கார வைத்தாள்.

யார் யாருக்குப் பிள்ளை என்று கட்டங்களில் நிரப்பினால் போதும், அதுவே வாக்கியம் எழுதிப் புத்தகமாக்கிவிடும். முதலில் வந்த பக்கத்தில், தாத்தாவின் அப்பா இன்னாருக்கு மகனாக "பிறந்தான்" என்று இருந்தது. மனிதருக்கு மூக்குமேல் கோபம் வந்தது.

"பெரியவரைப் போய் அவன் இவன்னு எழுதுது பாரு, நேத்து வந்த மிஷினு!"

மெஷின் என்றால் அதற்குள் திருகுவதற்கு ஏதாவது இருந்தே தீரும் என்பது அவர் நம்பிக்கை. தேடினார், கிடைத்தது. வாக்கியங்களின் அச்சு அங்கே இருந்தது: பெயருக்கு ஒரு காலியிடம், தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. மிச்சச் சொற்களை நம் இஷ்டப்படி மாற்றலாம். "பிறந்தார்" என்று ஓரிடத்தில் திருத்தினார். புத்தகம் முழுக்க எல்லாரும் மரியாதையாகப் பிறந்துவிட்டார்கள்.

"அப்பா, என் பையனுக்கு இன்னும் பல்லே முளைக்கல. அவரும் பிறந்தாராம்!" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருக்கட்டும். ஒருநாள் பெரிய மனுஷன் ஆகத்தானே போறாரு."

தங்கையின் பக்கம் வந்தபோதுதான் கை நின்றது.

அவருக்குப் பத்து வயதிருக்கும்போது கீழ் வீட்டில் ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். ஒருநாள் கைக்குழந்தையை மாடியில் அவர் அம்மாவிடம் விட்டுவிட்டு வெளியூர் கிளம்பினார்கள். பஸ் கவிழ்ந்து இருவரும் இறந்துபோனார்கள். குழந்தையைக் கேட்டு யாரும் வரவில்லை. அவர் அம்மாவும் யாரையும் தேடிப் போகவில்லை. சட்டப்படி எழுதி வாங்கி, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, படிக்க வைத்தார். அந்தக் குழந்தைதான் தங்கை; இன்று பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ். விஷயம் அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் தத்து என்ற சொல் அந்த வீட்டில் ஒருநாளும் புழங்கியதில்லை.

மென்பொருளில் உறவுவகை என்றொரு கட்டம். 'தத்து' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார். "இவர்களால் தத்தெடுக்கப்பட்டார்" என்று எழுதியது. சரக்கு இறக்கிய ரசீது மாதிரி இருந்தது. சுருக்கென்றது அவருக்கு. உடனே 'பிறப்பு' என்று மாற்றினார். அவருக்கு வந்த அதே வாக்கியம் தங்கைக்கும் வந்தது. திருப்தியாகி, புத்தகத்தைச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பி வைத்தார்.

மறுநாள் தங்கை டியூட்டி முடிந்து சீருடையோடு நேரே வந்தாள். மகள் கொடுத்த டீயைத் தொடவில்லை.

"அண்ணா, என்னைப் பெத்தவங்க எங்க?"

"உன்னை வேற ஆளா காட்டக் கூடாதுன்னுதாம்மா..."

"நான் வேற ஆள் இல்லன்னு எனக்கே தெரியும். அதுக்கு மிஷின் சொல்ல வேணாம். ஆனா அவங்க ரெண்டு பேரும் இருந்தாங்கன்னு சொல்ல என்னை விட்டா யாரு இருக்கா? என் பேருக்கு மேலயும் இல்லன்னா அவங்க எங்கயுமே இல்ல."

அவர் நாற்காலியைத் தங்கைக்கு நகர்த்திப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அச்சில் தாய் தந்தைக்கு ஒரு ஜோடிக் காலியிடம் பத்தாது என்பதால் இரண்டு ஜோடி வைத்தார். முதல் ஜோடிக்குப் பிறந்தார், இரண்டாவது ஜோடியால் வளர்க்கப்பட்டார் என்று தட்டினார்.

"வளர்க்கப்பட்டாரா? நான் என்ன பூச்செடியா?"

"சரி, நீயே சொல்லு."

"இவங்க வீட்டுல மகளா வளர்ந்தார்னு போடு."

போட்டார். மறக்காமல் 'இவருக்கு மட்டும்' என்ற கட்டத்தையும் டிக் செய்தார். இல்லையென்றால் குடும்பத்தில் எல்லாருக்கும் நாலு பெற்றோர் ஆகியிருக்கும்.

பெற்றோர் பெயர்களைத் தங்கை போனில் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சொன்னாள்.

"பேரு மட்டும்தாண்ணா எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை. கேட்டால் வளர்த்தவர்கள் மனம் புண்படுமோ என்று அவளும், சொன்னால் அழுவாளோ என்று அவரும் இருந்துவிட்டார்கள்.

"உங்கப்பா ஒல்லியா, உயரமா இருப்பாரு. கதவு நிலையில அடிக்கடி இடிச்சுக்குவாரு. உங்கம்மாவை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், அவங்களுக்குச் சிரிப்பு வந்தா நிக்காது. கீழ சிரிச்சா எங்களுக்கு மாடியில கேக்கும். எங்கம்மாவும் காரணம் தெரியாமலே சிரிப்பாங்க."

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதையும் எழுதுண்ணா." அதற்கென்று மென்பொருளில் வாக்கியம் எதுவும் இல்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் அவரே தட்டித் தட்டி எழுதினார்.

திருத்திய புத்தகம் போனதும் சித்தப்பா போன் செய்தார்.

"ஏம்ப்பா, நம்ம குடும்பப் புத்தகத்துல வெளியாளுங்க பேரு எதுக்கு?"

"வெளியாளுங்க இல்ல சித்தப்பா. என் தங்கச்சியோட அப்பா, அம்மா."

"அந்தக் கீழ் வீட்டுப் பையன்தானே எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தான்" என்றார் சித்தப்பா, வேறு குரலில். லிப்ட் மாமாவுக்கு அது புதுச் செய்தி. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தங்கையின் பக்கத்தை மறுபடி திறந்தார்.

"இருங்க சித்தப்பா, நிதானமா சொல்லுங்க. எழுதிக்கிறேன்."