இருபது கிராம் ஈயம்

பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் ரிமோட்டில் ஓடும் பந்தய கார்தான் அவர் உயிர். முழங்கை நீளம்கூட இல்லாத அந்த காருக்குச் செய்த சேவையைப் பெற்ற தாய்க்குச் செய்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

சமையல்மேடையில் நாலு சின்னத் தராசு. சக்கரத்துக்கு ஒன்று. பேட்டரியை நகர்த்துவார், அடியில் ஈயத் துண்டை ஒட்டுவார், பிய்ப்பார், மறுபடி ஒட்டுவார். ஒரு பக்கம் எடை கூடினால் மண்மேட்டில் தாவி இறங்கும்போது கார் அந்தப் பக்கமே கவிழும். கிளப்பில் எல்லாருக்கும் இது தெரியும். சரியாக எடை நிறுத்துச் சமன்செய்ய அவரால் மட்டும்தான் முடியும். அதனால் அங்கே அவர் பேரே தராசு.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி முதலில் சும்மா துணைக்குத்தான் வந்தாள். பொழுது போகாமல் அவருடைய பழைய காரை எடுத்து ஓட்டினாள். ஓட்டினாள் என்றால், அப்படி ஓட்டினாள்! மழைக்காலம் முடிவதற்குள் புருஷனை முந்திவிட்டாள்.

"என்ன தராசு, வீட்லயும் பின்னாடிதான் வர்றியா?" என்றார்கள் கிளப்காரர்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வயிறு எரிந்தது.

வருஷத்துக்கு ஒருத்தரைத்தான் கிளப் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும். பல வருஷமாக அவர் இரண்டாவதாகவே வந்தவர். எப்போதும் ஜெயிக்கிறவன் ஊர் மாறிப் போய்விட்டான். அப்பாடா என்று மூச்சு விட்டால், குறுக்கே வந்து நிற்கிறாள் இவள்.

அவள் காருக்கும் எடை பார்ப்பது அவர்தான். "எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கெதுக்கு? நான் இருக்கேன்ல" என்பார்.

இருந்தார். பந்தயத்தன்று காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் காரின் பேட்டரியைக் கழற்றி, இடப்பக்கம் இருந்த இருபது கிராம் ஈயத்தைப் பிய்த்து வலப்பக்கம் ஒட்டினார். மேலே இருந்த தூசியைக்கூடத் துடைத்து வைத்தார், மகராசன்.

மைதானத்தில், அவர் தராசுகளைப் பரப்பியிருந்த மேசையிலிருந்து தன் காரைத் தூக்கியதும் அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "என்னங்க, வலப்பக்கம் சாயற மாதிரி இருக்கே?"

"உன் கைதான் சாயுது."

அவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள், பாவி.

குழு குழுவாக ஓட்டம்; குறைந்த நேரம் எடுத்தவருக்கே வெளியூர் வாய்ப்பு. முதல் பந்தயம் அவளுடையது. சுற்றுக்குச் சுற்று அதே மண்மேட்டில் கவிழ்ந்தது கார். ஓட்டுகிற மேடையிலிருந்து தலை குனிந்து இறங்கினாள். "கை சரியில்லைங்க."

"விடு. உனக்கு இவ்வளவுதான் வரும்" என்றார். சொல்லும்போது அவருக்கு இனித்தது.

ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் களத்துக்குள் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்தி வைக்க வேண்டும். அது அங்கே வழக்கம். ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அவள் அந்த மண்மேட்டருகே போய் நின்றாள்.

அவர் கார் பறந்தது. அவள் எடுத்த நேரத்தைவிட எவ்வளவோ முன்னால் இருந்தார், முடித்தால் போதும். ஆனால் தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு. கடைசிச் சுற்றில் மேட்டை வேகமாக ஏறப் போய்க் குப்புறக் கவிழ்த்தார். கவிழ்ந்தால் என்ன, தூக்கி வைக்கக் கட்டின பொண்டாட்டியே நிற்கிறாளே.

அவள் ஓடி வந்து எடுத்தாள். நிமிர்த்தி, உள்ளங்கையில் வைத்தாள். சாயவில்லை. மற்ற கைக்கு மாற்றினாள். அப்போதும் சாயவில்லை. அப்படியே நின்றாள்.

"வைம்மா, சீக்கிரம் வை!" மேடையிலிருந்து கத்தினார். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் கை சாயலைங்க" என்றாள். மேடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

பந்தயம் முடிந்த மணி அடித்த பிறகுதான் காரைக் கீழே வைத்தாள். பதனமாக, நாலு சக்கரமும் தரையில் படும்படி. பிறகு நேரே மேசைக்குப் போய், தன் காரை எடுத்து அவருடைய நாலு தராசின் மேல் வைத்தாள்.

கிளப்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.