செங்கல் முட்டுக் கொடுத்த கதவு

அந்த அறைக்கு வரும் பிள்ளைகள் அவரைக் கதவக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதிவேட்டில் 'குழந்தைகள் மனநல ஆலோசகர்'. கணவர் லாரி ஓட்டுகிறார், மகள் பத்தாம் வகுப்பு. ஒரு துணிக்கடையின் மாடியில், முன்பு கிடங்காக இருந்த அறையில், ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். தீயிலும் வெள்ளத்திலும் விபத்திலும் தப்பிய பிள்ளைகள், உடம்புக் காயம் ஆறிய பிறகு அவரிடம் வருகிறார்கள்.

நான் போனது மதிப்பீட்டுக்கு. நகரத்தில் இப்படி ஏழு மையங்கள், நாற்பது கேள்விகள். ஆறு 'இல்லை' விழுந்தால் அந்த மையம் மாதக் கடைசியோடு மூடப்படும். கதவக்காவுக்கு மதியத்துக்குள்ளேயே ஐந்து விழுந்துவிட்டது. காத்திருக்கத் தனி இடம் இல்லை, இரண்டாவது ஆலோசகர் இல்லை, இப்படி. மிச்சம் ஒரே கேள்வி, முப்பத்தெட்டாவது: 'பேசும்போது கதவு மூடப்பட்டு அந்தரங்கம் காக்கப்படுகிறதா?'

அவர் கதவை மூடுவதே இல்லை. செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். கதவை ஒட்டிய நாற்காலி பிள்ளைக்கு, மூலை அவருக்கு. ஓடத் தோன்றினால் ஓடலாம். ஓடியவர்கள் எல்லாருமே பாதிப் படியில் நின்று திரும்பி வந்திருக்கிறார்களாம். பேச்சு வெளியே போகாமலிருக்க, கீழ்ப்படியில் பிள்ளையின் அம்மாவையே காவலுக்கு உட்கார வைக்கிறார். வீட்டிலும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. திருடன் வந்தாலும் உட்கார வைத்து ஆறுதல் சொல்லித்தான் அனுப்புவாள் என்று கணவர் கிண்டல் செய்வாராம்.

மூன்று மணிக்கு ஒன்பது வயதுப் பெண் வந்தாள். வீடு தீப்பற்றியபோது உள்ளே மாட்டிக்கொண்டவள். நான் ஓரமாக இருக்க அவளும் அம்மாவும் சம்மதித்திருந்தார்கள். களிமண்ணை உருட்டிக்கொண்டே, எரிந்த அலமாரியைப் பற்றி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கோ முப்பத்தெட்டாவது கேள்வி நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அச்சடித்த தாளை நம்பித்தான் வாழ்க்கையில் மேலே வந்தேன். ஒரு 'ஆம்' கிடைத்தால் மையம் பிழைக்கும். சத்தமில்லாமல் எழுந்து, செங்கல்லைக் காலால் நகர்த்தி, கதவைச் சாத்தினேன்.

களிமண் உருட்டிய கை அப்படியே நின்றது. உள்ளே இழுத்த மூச்சை அவள் வெளியே விடவில்லை. கண் தாழ்ப்பாளிலேயே இருந்தது.

கதவக்கா பதறவில்லை, அவளைத் தொடவுமில்லை. "நீ தெறக்கிறியா கண்ணு, நான் தெறக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

வெகுநேரம் கழித்து அவளே எழுந்து திறந்தாள், செங்கல்லைத் திரும்ப வைத்தாள், படியிறங்கினாள். நாங்கள் இருவரும் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதிப் படியில் அது நிற்கவில்லை.

"ஏழு வாரம் சார். இன்னைக்குத்தான் வாயத் தெறந்தா."

நல்லது நினைத்துச் செய்தேன் என்றேன். தெரியும் என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லைன்னே போடுங்க," என்றார். "ஆமான்னு போட்டா, அடுத்து வர்றவங்க இத மூடித்தான் ஆகணும்பாங்க. ஏன் இல்லைன்னு மட்டும் எழுதிடுங்க."

'இல்லை' என்றே போட்டேன். காரணம் எழுதப் படிவத்தில் ஒரு வரி இடம்தான் இருந்தது. தனித்தாளில், நான் செய்ததையும் நடந்ததையும் எழுதிக் கையெழுத்திட்டு இணைத்தேன். அலுவலகத்தில் மேலாளர் படித்துவிட்டு, "மதிப்பீடு பண்ணச் சொன்னா மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வந்திருக்கியே தம்பி," என்றார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. மேலே அனுப்பினார்.

உத்தரவு இன்னும் வரவில்லை. மாதம் முடிய நான்கு நாள். மூடினால் கதவக்காவிடம் வரும் நாற்பத்தொரு பிள்ளைகளும் இரண்டு பஸ் மாறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்; அங்கே எல்லா அறைக்கும் தானாக மூடிக்கொள்ளும் கதவு. நேற்று கதவக்காவுக்குப் போன் செய்தேன். உத்தரவைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"வந்தா. மேல ஏற மாட்டேன்னுட்டா," என்றார். "நான் எறங்கிப் போயி ரெண்டாம் படியில உக்காந்தேன். களிமண்ணையும் எடுத்துட்டுத்தான் போனேன்."