அம்மி ஏற்றிய பிக்கப்

ஈரத் தகரத்தின் மேல் கருங்கல் நகரும்போது ஒரு சத்தம் வரும்; நறநறவென்று தொடங்கி, சட்டென்று நின்று, அடுத்த வளைவில் மறுபடி தொடங்கும். அதைக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. இன்றும் பக்கத்து வீட்டில் யாராவது இரும்புக் கேட்டை இழுத்தால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். எதிரில் இருப்பவர்கள் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

யட்டவத்தப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் அடிவாரத்தில் இருந்தது, மிளகு காயவைக்கிற "ஸ்டோர்" உச்சியில் இருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த செம்மண் தடத்தை நிர்வாகம் தன் காகிதங்களில் பாதை என்று எழுதிக்கொண்டது. அதைச் செப்பனிடுவது பற்றிய கோப்பு ஒன்று நெடுங்காலம் "நடவடிக்கையில்" இருந்ததாகப் பின்னாளில் அறிந்தேன். கோப்புகளோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் நிர்வாகியான துரைக்கு இருந்தது. மிளகு எடுக்க உக்குவளையிலிருந்து வந்த காசிம் நானாவிடம் இருந்ததோ பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற பழைய பிக்கப்.

அப்படிப்பட்ட வண்டியின் வியாதி எளிமையானது. எஞ்சின் பாரம் முன்னால் இருக்கும், இழுக்கிற டயர் பின்னால் இருக்கும். பின்தட்டு காலியாக இருந்தால் டயர் சேற்றில் தன்பாட்டில் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னச்சின் மேல் பாரம் வைத்துவிட்டால், அதே வண்டி, காற்றைக் கொஞ்சம் குறைத்த டயரோடு, முதல் கியரில் முனகிக்கொண்டு, துரையின் ஜீப் ஏறும் இடமெல்லாம் ஏறும். "இது அல்லா படச்சதில்ல தங்கச்சி, ஜப்பான்காரன் படச்சது, கொற ஈக்கத்தான் செய்யும்" என்பார் நானா. "வண்டி டூ வீல்தான் நானா, ஒங்க வாய்தான் ஃபோர் வீல்" என்பாள் என் அம்மா.

பாரத்துக்கு லயம் கண்ட வழி அம்மிக்கல். மழைக்காலத்தில் நானாவின் ஹார்ன் கேட்டதும் வீட்டுக்கொரு அம்மியாகப் பதினொரு கல்லைத் தூக்கி வந்து பின்தட்டில் ஏற்றுவார்கள். அன்றைக்கு மத்தியானம் எந்த வீட்டிலும் அரைத்த சம்பல் இல்லை. பெண்கள் இதைப் பரோபகாரத்துக்காகச் செய்யவில்லை. பிக்கப் ஏறாவிட்டால் மிளகு மூட்டைகள் அவர்கள் தலையில்தான் இறங்கும். கல் வைப்பதற்கு நானாவிடம் ஒரு சட்டம் இருந்தது: "ஏறக்குள்ள வால்ல, எறங்கக்குள்ள தலையில." அதாவது, உச்சிக்குப் போனதும் கற்களை முன்னுக்குத் தள்ளி, ஓட்டுநர் அறையின் முதுகோடு ஒட்டவைத்து, பின்னால் மூட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுத்த பிறகுதான் வண்டி இறங்கும். நான் பார்த்த நடைமுறைகளில் எழுதிவைக்காமலே எல்லாரும் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். ஒரு நாளைத் தவிர.

அன்று விடியலிலிருந்தே மழை. பெண்கள் பின்தட்டில் கற்களோடு நின்றபடி வந்தார்கள். சின்னவள் என்று என்னை முன்னால் நானாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ஸ்டோர் வாசலில் காவல்காரர் முனியாண்டி நனைந்துகொண்டே ஓடிவந்தார். அவர் மனைவி லெட்சுமிக்குக் காலையிலிருந்து இடுப்புவலி, தலைப்பிள்ளை. மிளகை மறந்தார்கள். லெட்சுமி அக்காவை என் பக்கத்தில் ஏற்றினார்கள். முனியாண்டி பின்தட்டில் ஏறி, மனைவியைப் பார்க்க முடிகிற மாதிரி, எங்கள் தலைக்குப் பின்னாலிருந்த சிறிய கண்ணாடியோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

நானா இன்னும் வண்டியில் ஏறவில்லை. "தங்கச்சி, கல்லு பின்னால ஈக்கி" என்றார் அம்மாவிடம்.

"கெடக்கட்டும். அத நகத்திக்கிட்டு நின்னா புள்ள இங்கயே பொறந்துரும். எறங்குங்க நானா."

"மூட்டையும் இல்ல, முட்டுக்குடுக்க."

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, இல்ல சந்தைக்குக் கணக்கா அடுக்குறீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். முனியாண்டியும் சிரித்து, "நான் புடிச்சிக்கிறேன், எடுங்க நானா" என்றார். பெண்கள் குறுக்குவழியாக நடந்து இறங்கப் போனார்கள்.

முதல் வளைவில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவில் அந்தச் சத்தம் தொடங்கி நின்றது. நானா கண்ணாடியைப் பார்த்தார், கியரைக் குறைத்தார், உதடு மட்டும் அசைந்தது. முனியாண்டி திரும்பி மனைவியிடம் ஏதோ சொன்னார், மழையில் கேட்கவில்லை. மூன்றாவது வளைவில் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்திருந்தது. நானா பிரேக்கை மிதித்தார். இந்தமுறை சத்தம் நிற்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து முடிந்தது.

நானா இறங்கிப் பின்னால் போனார். அதன் பிறகு கல் ஒவ்வொன்றாகப் பாதையோரத்தில் விழுவது கேட்டது. நான் எண்ணினேன், பதினொன்று. திரும்பி வந்து வண்டியை எடுத்தார். லெட்சுமி அக்கா பின்னால் திரும்ப முயன்றபோது நானா, "முன்னால பாருங்கொ தங்கச்சி, புள்ளக்கி என்ன பேர் வைக்கிற?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வரும்வரை அதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆண் பிள்ளை, சுகமாகப் பிறந்தான். தகப்பன் வழியிலேயே போய்விட்டிருந்தார்.

பொலிஸ் வருமுன் எங்கள் லயத்துப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். அம்மா முன்னால் நடக்க, மூன்றாவது வளைவுக்குப் போய், பதினொரு அம்மியையும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, அந்த இடத்தில் பாதையோரத்துக் கற்களைப் பொறுக்கிப் போட்டார்கள். சாட்சியத்தில் கைவைப்பது என்பது இதற்குச் சட்டத்தில் உள்ள பெயர். எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் இல்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் நானா, "ரோட்டுக் கல்லு, நான்தான் ஏத்தினேன்" என்றார். பாரத்தைக் கட்டாமல் ஓட்டிய குற்றம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது, லைசன்ஸ் போனது. எங்களில் ஒருத்தியையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை, பிறகு அந்தப் பக்கம் வரவும் இல்லை. மூட்டைகள் பெண்களின் தலையில் இறங்கத் தொடங்கின. மற்ற வீடுகள், ஒரே நேரத்தில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, மாதத்துக்கு ஒன்றாகப் புது அம்மி வாங்கின. அம்மா வாங்கவில்லை. சாகும்வரை கடைத் தூளில்தான் சமைத்தாள்.

லெட்சுமி அக்கா பிள்ளையோடு அதே மாவட்டத்து நாலந்தாவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போன வருடம் அவர் இறந்த பிறகு, அந்தப் பிள்ளை சேகர், இப்போது நரை விழுந்த மனிதன், என்னைத் தேடி வந்தான். தகப்பனின் மரண விசாரணை அறிக்கை வேண்டும். எந்த அலுவலகத்தில் யாருக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எனக்குத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரியும். விண்ணப்பத்தை நானே எழுதிக்கொடுத்தேன். பிரதி வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். என் அனுபவத்தில் பெரும்பாலும் வராது. வந்துவிட்டது.

சேகர் நான்கு சக்கரமும் இழுக்கிற டபுள் கேப் பிக்கப் ஓட்டுகிறான். இடத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். லயத்தில் பாதி இடிந்துவிட்டது, ஸ்டோருக்குக் கூரை இல்லை, மிளகுக்கொடி ஏறிய மரங்களை வெட்டிவிட்டார்கள். தடம் இப்போது கொங்கிரீட். மூன்றாவது வளைவில் பள்ளத்தை நிரப்பி மதில் கட்டியிருக்கிறார்கள். நிரப்புவதற்கு அங்கே கிடந்த கல்லைத்தான் உடைத்துப் போட்டிருப்பார்கள்.

உச்சியில் வண்டியை நிறுத்தி அறிக்கையைப் படித்தான்.

"ரோட்டோரக் கல்லுன்னு எழுதியிருக்கு. அதெதுக்கு வண்டியில ஏத்துனாங்க அக்கா?"

"ரோட்டுக் கல்லு இல்ல தம்பி. எங்க அம்மிங்க. கெடக்கட்டும், எறங்குங்கன்னு சொன்னது எங்கம்மா."

அவன் அந்த வரியை மறுபடி படித்தான். பிறகு கேட்டான்: "எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"முன் சீட்ல எனக்குப் பக்கத்துலதான் இருந்தாங்க. எல்லாம் காதால கேட்டாங்க."

"ஒரு நாளும் சொல்லலையே."

அந்த அவசரம் யாருக்காக என்று நான் சொல்லவில்லை. அவனுக்கே விளங்கிவிட்டது என்பதை முகத்தில் பார்த்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இறங்கி, காலியாகக் கிடந்த பின்தட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு முதல் கியரைப் போட்டு, அடிவாரம் வரும்வரை பிரேக்கைத் தொடாமல், நடப்பவர்கள் எங்களை முந்திப் போகும் வேகத்தில் இறக்கினான்.