சிவப்புக் கண், கறுப்புக் கண்

டிபன் பாக்ஸைத் திறந்ததும் பின்னறை முழுக்க வெள்ளரிக்காய் வாசம்...

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த ஸ்டெல்லா திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அவள் கொண்டுவரும் வெள்ளரியில் நல்ல துண்டுகள் எங்களுக்கு, காம்புத் துண்டுகள் எங்கள் மீன்களுக்கு.

இருவருக்கும் ஒரே பைத்தியம். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, சக்கர் மீன்... அதில் மீசை வைத்த சின்ன வகை. கெளுத்தி இனம்தான். பெரும்பாலும் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் கிடைப்பது அபூர்வம். என்னிடம் ஒரு மஞ்சள் பெண், அவளிடம் ஒரு மஞ்சள் ஆண். சம்பந்தம் பேசி முடித்தோம்.

"சீரெல்லாம் ஒண்ணியும் வாணாம். பொண்ண மட்டும் அனுப்பு" என்றாள் ஸ்டெல்லா. மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போய் விட்டுவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் முட்டை. கொட்டாங்கச்சிக்குள் ஆண் மீன் நகராமல் காவல் இருந்தது. லேபில் தினமும் அதே பேச்சுதான்...

குஞ்சுகள் வெளியே வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். ஒன்றுகூட மஞ்சள் இல்லை. அத்தனையும் காப்பித்தூள்.

மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் இது எப்படிப் பிறக்கும்? எனக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது. கேட்டுவிட்டேன்.

"மஞ்சக் குஞ்ச யாருக்குடி குட்த்த? இத்த எந்தக் கடைல வாங்கியாந்து வுட்ட?"

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள்.

மறுநாள் லேபுக்கு ஒரு வாளியோடு வந்தாள். உள்ளே இரண்டு மஞ்சள் மீன்களும் இருந்தன. "ரெண்டுத்தையும் நீயே வச்சிக்கினு இரு. என்னாண்ட பேசாத."

பேசவில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ரிப்போர்ட்டை மட்டும் நகர்த்திக்கொண்டு... இரண்டு வாரம் நரகம்.

தொட்டி கழுவும்போது இரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி விட்டேன். பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அப்போதுதான் கவனித்தேன். என் மீனுக்குக் கண் சிவப்பு. அவள் மீனுக்குக் கறுப்பு.

நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் உற்றுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுத் தொட்டியில் இருந்த மீனின் கண்ணைப் பார்க்கவில்லை.

பாண்டிச்சேரியில் மீன் கடைக்காரரிடம் கேட்டேன். "செவப்புக் கண்ணு அல்பினோ, கறுப்புக் கண்ணு லெமன். ரெண்டும் வேற வேற மஞ்சள்மா. சேத்து வுட்டா குஞ்செல்லாம் காப்பிக் கலர்தான் வரும்" என்றார் சாதாரணமாக.

மறுநாள் காலை ஸ்டெல்லாவின் ரயில் வருமுன்பே விழுப்புரம் பிளாட்ஃபாரத்தில் போய் நின்றேன். இறங்கியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, நான் திருடி இல்லன்னு மீன் கண்ணு சொன்னாதான் உனக்குத் தெரியுமா?"

அங்கேயே நின்று அழுதேன். "வா, லேட்டாவுது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்தக் காப்பித்தூள் குஞ்சுகள் வளர்ந்து குஞ்சு பொரித்தபோது, நடுநடுவே சில மஞ்சளும் வந்தன. இப்போது நான் திண்டிவனத்தில், அவள் கல்யாணமாகி வானூரில். இரண்டு வீட்டிலும் அதே வம்சம்தான் ஓடுகிறது. எது அல்பினோ, எது லெமன் என்று இப்போது போனில் தேடினால் ஒரு நிமிடம். அன்று நான் தேடியிருக்க வேண்டியது அது இல்லை.

போன வாரம் என் தொட்டி மஞ்சளில் ஆறு குஞ்சுகளை வானூருக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஸ்டெல்லாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்... "எல்லாம் செத்துப் போச்சுடி. இன்னா ஆச்சுன்னே தெரில."

எப்படி, எப்போது என்று எதுவும் கேட்கவில்லை.

"வுடு, பரவால்ல. நீ சாப்ட்டியா?" என்று அனுப்பினேன்.