சுருட்டின் பருமனில் ஒரு பெருவிரல்

என் எழுத்து கோணலாய் இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் எழுத்தின் கோணலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு சுருட்டு. என் மனைவி அதைத் தன் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து, முறிவு வைத்தியம் பார்க்கும் பரியாரியாருக்கு முன்னால், என் வீங்கிய உள்ளங்கையில் வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில் ஒன்றில் வேலை. புகையிலைச் சிப்பம் இறக்கும்போது வண்டி பின்னுக்கு உருண்டு, சில்லுக்கும் சுவருக்கும் இடையில் என் வலப் பெருவிரல் நசிந்துபோனது. பரியாரியார் தடவிப் பார்த்து, எலும்பு பொருந்தும், மூட்டு இனி மடங்காது என்றார். எந்த நிலையில் கட்டுகிறோமோ அந்த நிலையிலேயே இறுகிவிடுமாம். நேராய் இருந்தால்தான் பார்வைக்கு லட்சணம் என்று விரலோடு வைத்துக் கட்டப் பனைமட்டையில் சிம்பு சீவத் தொடங்கினார். சுருட்டுக்காரனுக்கு நேரான பெருவிரலால் என்ன பயன்? மற்ற விரல்கள் இலையை உருட்டும்போது அது எதிரே வளைந்து நின்று தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சுருட்டு தளர்ந்துவிடும். என் தொழிலும் அன்றோடு முடிந்துவிடும். எனக்கு அது தெரியும். ஆனாலும் பெரியவர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவி முன்னுக்கு வந்தாள். சுருட்டை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாய் அதைச் சுற்றி மடக்கினாள். எனக்கு உயிர் போய் வந்தது.

“இப்பிடியே வைச்சுக் கட்டுங்கோ, பரியாரியார்.”

“பிள்ளை, இறுகினால் பிறகு நிமித்தேலாது. ஊர் நண்டுக்கையன் எண்டு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். மற்ற நாலு விரலுக்கும் முகம் குடுக்காத பெருவிரல் நேராய் நிண்டு ஆருக்கு?”

அவர் சிம்பைக் கீழே போட்டார். சுருட்டோடு சேர்த்தே கட்டினார்.

ஊர் சிரித்தது. கொட்டிலுக்குள் நான் நுழைந்தாலே, “நண்டர் வாறார், காலை மடக்குங்கோ” என்பார்கள். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்து சுற்றினேன். பொத்தான் பூட்ட அந்த விரலுக்கு வராது. ஆனால் நான் சுற்றிய சுருட்டு ஒன்றும் தளர்ந்ததில்லை.

போன கிழமை மகளின் கலியாணத்தில் படம் பிடிக்க வந்தவர், வலக்கையைச் சால்வைக்குள் விடச் சொன்னார். சம்பந்தி வீட்டாரும் அதுதான் நல்லது என்றார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். இம்முறை அவள் பேசவில்லை.

“கை வெளியிலைதான் இருக்கும்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாய்க் கேட்டது. சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கையை நெஞ்சுக்கு நேரே வைத்து நின்றேன்.

பேனை மெல்லியது, என் விரலுக்குள் நிற்காமல் நழுவியது. அதனால் அதன்மேல் ஒரு புகையிலையைச் சுற்றிச் சுருட்டின் பருமனுக்கு ஆக்கியிருக்கிறேன். இப்போது நழுவவில்லை. தொடக்கத்தில் கேட்ட மன்னிப்பில் பிழைகளுக்கு உரியது இருக்கட்டும். கோணலுக்கு உரியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

1946, ஆவணி 27.