வேப்பிலை கசந்த காலை

அத்தை வேப்பிலையை மென்று முகம் சுளித்ததும் நாங்கள் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்திருக்கக் கூடாது.

நிலக்கோட்டைப் பக்கம் மாமாவுக்கு மல்லிகைத் தோட்டம். மொட்டாகவே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் இருட்டோடு பறிக்க இறங்கிவிடுவார்கள். கல்லூரி விடுமுறைக்குப் போயிருந்த நானும் ஒரு வரிசையில் நின்றேன். வெளுக்கிற நேரத்தில், கணுக்காலில் ஏதோ சுருக்கென்றது என்றாள் அத்தை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. எங்கள் பக்கம் இதற்கொரு சோதனை உண்டு. வேப்பிலையை மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் பயமில்லை, இனித்தால் பாம்புக்கடி. அத்தைக்குக் கசந்தது. முள்ளுதான் என்று முடிவு கட்டிவிட்டார் மாமா. அவர் சொன்னால் சொன்னதுதான், ஊரே திரண்டு வந்தாலும் மாற்ற மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு இமை சொருகியது. தூக்கம் கெட்டதால் என்றோம். நாக்குக் குழறியது. வெறும் வயிறு, காப்பி குடித்தால் சரியாகும் என்றோம். குடித்த காப்பி கடைவாயில் வழிந்தபோது நான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அதான் கசக்குதுன்னு சொன்னாள்ல. சும்மா பயங்காட்டாத," என்று மாமா அதட்டினார். அத்தையும் தலையாட்டினாள். வந்த ஒவ்வொரு குறிக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இப்போது யோசித்தால், பாம்பைவிட அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது.

அப்புறம் அத்தை மாமாவைப் பார்த்துத் திக்கித் திக்கிச் சொன்னாள்: "என்னங்க, நீங்க ரெண்டு பேரா தெரியுறீங்க."

மாமாவின் முகம் செத்துப்போனது. தூக்கத்துக்கும் பசிக்கும் ஒரு ஆள் இரண்டாகத் தெரிவதில்லை. "நான் நெனச்சது தப்பு புள்ள. பாம்புதான்," என்றபடியே பைக்கை எடுத்தார். நடுவில் அத்தை, பின்னால் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் தலை என் தோளில் துவண்டு சரிந்தது. மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றே எனக்குத் தெரியாது.

நிலக்கோட்டையில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டையில் குழாயோடு கிடந்து, அத்தை பிழைத்து வந்தாள். கடித்தது கட்டுவிரியனாக இருக்கும் என்றார் டாக்டர். அது கடித்தால் பெரிதாக வலிக்காதாம். வேப்பிலையும் வழக்கம்போலக் கசக்குமாம்.

இப்போதெல்லாம் மாமா எதையும் அடித்துச் சொல்வதில்லை. மதியம் அத்தை சித்த நேரம் கண்ணயர்ந்தால் போதும், தோளைத் தட்டி எழுப்பிவிடுகிறார். "தூங்கத்தான புள்ள செய்யுற?" என்று கேட்கிறார். மனுசியை நிம்மதியாகத் தூங்க விடுங்கள் என்று அத்தை எரிந்து விழுகிறாள். அவள் இரண்டு கண்ணையும் முழுசாகத் திறக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. நான் போயிருக்கும் நாட்களில் நானும் நகர்வதில்லை.